வேலூரில் ஒரு குட்டி சிஸ்டர்

வேலூரைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. 'தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்' என்பார்கள். ஆறு என்றால் பாலாறு. கோட்டைக்குள் இருக்கும் கோயில் பல காலம் மூலவர் இல்லாமலே இருந்தது. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்து கோட்டைக்குள் அமர்ந்துவிட்டார். ஆக, பேச்சில் மூன்றாவது பகுதி பொய்யாகிவிட்டது!

இந்த ஊருக்கு யாத்திரையாகவோ உல்லாசமாகவோ வருபவர்களைவிட, ஒரு நோயாளியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் வந்தேன். 1987-ஆம் வருஷம், பங்குனி வெயிலில், ஒரு வாடகை அம்பாஸிடர் காரின் பின் சீட்டில் என் மாமியாரைப் படுக்க வைத்து, அவர் தலையை என் மடியில் தாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பிரயாணத்தில் நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை நம் சகோதரிகளிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அது கோட்டையைப் பற்றியதல்ல. ஆஸ்பத்திரி வார்டில் நம் வீட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒரு படிக்கிற பெண் வந்து நிற்கிறாளே, அவளைப் பற்றியது.

கிணற்றடியிலிருந்து வேலூருக்கு

எங்களுக்குப் போளூர். அத்தைக்கு அப்போது எழுபத்து நாலு வயசு. கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தவர், பாசி வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மச்சினர் சொன்னார். எண்ணெய்க் கட்டு போடலாம் என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள். உள்ளூர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இது இடுப்பு எலும்பு. கட்டுக்கு நிற்காது. தாமதம் பண்ணாமல் வேலூருக்குக் கொண்டு போங்க" என்றார்.

போளூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். மேற்கே ஜவ்வாது மலை கூடவே வரும். சாதாரண நாளில் பார்க்கப் பார்க்க அலுக்காத சாலை. அன்றைக்கோ ஒவ்வொரு பள்ளத்துக்கும் "ஐயோ... முருகா!" என்று அத்தை அலறியதுதான் நினைவிருக்கிறது. கணியம்பாடி தாண்டி, அடுக்கம்பாறை தாண்டி (இன்று அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது, 2005-ல் தொடங்கியது), ஊருக்குள் நுழைந்து சி.எம்.சி. வாசலில் கார் நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தத் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேலூருக்குள்ளே இன்னொரு ஊர் அது. எதிரும் புதிருமாக லாட்ஜுகள். போர்டுகளில் தமிழோடு வங்காளி எழுத்து, ஹிந்தி எழுத்து. நோயாளிக்குக் கஞ்சி வைக்க மண்ணெண்ணெய் அடுப்பும் பாத்திரமும் வாங்கிக்கொண்டு போகும் வடக்கத்திப் பெண்கள். மருந்துக் கடை, பழக் கடை, ஊதுவத்தி வாசனை, சாக்கடை வாசனை எல்லாம் கலந்திருக்கும். கல்கத்தாவிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்தவர்களைப் பார்த்தபோது, ஐம்பது கிலோமீட்டருக்கா நாம் அழுதோம் என்று வெட்கமாக இருந்தது.

அத்தையைப் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். சில நாள் கழித்து ஆபரேஷன் என்றார்கள். இப்போதெல்லாம் இடுப்பு எலும்பு முறிவுக்கு முடிந்தவரை ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்து, மறுநாளே உட்கார வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. மல்லாந்து படுத்தபடி நாளைக் கழிக்க வேண்டும்.

"என்மேல படிச்சுப் பார்க்கிறியா?"

மறுநாள் காலை ஏழு மணிக்குப் படுக்கையருகே வந்து நின்றவள் ஒரு சின்னப் பெண். பத்தொன்பது வயசு இருக்கலாம். யூனிஃபார்மைப் பார்த்ததுமே மாணவி என்று தெரிந்தது. கேரளத்துப் பெண், நர்ஸிங் இரண்டாம் வருஷம். தமிழை மெல்ல மென்று மென்று பேசினாள்.

எனக்குத் திக்கென்றது. காரணம் இருந்தது. அதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்பு, வேறொரு ஊரில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில் என் இரண்டாவது பிரசவம். அங்கே பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி ஊசி குத்த நரம்பு தேடி, என் கையில் நாலு இடத்தில் குத்தினாள். பக்கத்தில் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. அவள் கையும் நடுங்கியது, என் கையும் நடுங்கியது. ஒரு வாரம் கை வீங்கி, குழந்தையைத் தூக்க முடியாமல் தவித்தேன். அதிலிருந்து 'டிரெய்னிங் நர்ஸ்' என்றாலே எனக்கு ஒரு பயம்.

ஆகவே நேராக வார்டு சிஸ்டரிடம் போய், "எங்க மாமியார் வயசானவங்க. படிக்கிற பொண்ணு வேண்டாம், பெரிய சிஸ்டர் யாரையாவது அனுப்புங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஊசி, மருந்து எல்லாம் நாங்க பக்கத்துல நின்னுதான் செய்ய வைப்போம்மா. அவளா தனியா செய்ய மாட்டா. ரெண்டு நாள் பாருங்க. அப்புறமும் வேண்டாம்னு தோணினா சொல்லுங்க, மாத்திடறோம்" என்றார்.

நான் திரும்பி வந்தபோது அத்தையே விசாரணையை ஆரம்பித்திருந்தார்.

"ஏன் கண்ணு, நீ இன்னும் படிச்சு முடிக்கலையாமே? என்மேல படிச்சுப் பார்க்கிறியா?"

அந்தப் பெண் மழுப்பவில்லை. "ஆமா பாட்டி. ஆனா எங்க டீச்சர் கூடவே இருப்பாங்க. எனக்குத் தெரியாதது செய்ய மாட்டேன். கேட்டுட்டுத்தான் செய்வேன்" என்றாள். பிறகு, "பாட்டி, குறச்சு வெள்ளம் குடிக்கணும்" என்று டம்ளரை நீட்டினாள்.

"வெள்ளமா? பாலாத்துலயே தண்ணி இல்ல, வெள்ளத்துக்கு எங்கடி போறது!" என்றார் அத்தை. மலையாளத்தில் தண்ணீருக்குத்தான் 'வெள்ளம்' என்று பேர் என்று தெரிந்ததும் பக்கத்துப் படுக்கைகளில்கூடச் சிரிப்பு. அன்றிலிருந்து அவளுக்குக் 'குட்டி சிஸ்டர்' என்று பேர் வைத்துவிட்டார் அத்தை. ஆனாலும் டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அப்புறம் குடிக்கிறேன் போ" என்றார். அதை நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை.

ஒரு ராத்திரியில் பிறந்த ஆஸ்பத்திரி

இந்த ஆஸ்பத்திரி பிறந்த கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ல் பக்கத்து ராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம் பெண்ணாக இருந்தபோது, உடம்பு சரியில்லாத தாயாரைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனத்தில் வந்து தங்கியிருந்தார். ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஐடாவின் தகப்பனார் டாக்டர்தான். ஆனால் 'ஆண் டாக்டர் வந்து பார்ப்பதா?' என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்விட்டார்கள்.

அந்த ராத்திரிதான் அவரை டாக்டருக்குப் படிக்க அனுப்பியது. 1899-ல் அமெரிக்காவில் படிப்பை முடித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி வந்தது. கவனியுங்கள், அங்கே பெண்களுக்கு டாக்டர் படிப்பு ஆரம்பித்தது 1918-ல்தான். நர்ஸுகளுக்கான பள்ளியோ அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 1909-லேயே ஆரம்பித்துவிட்டது. 1946-ல் நர்ஸிங்கில் பட்டப் படிப்பே வந்தது. இந்தியாவில் நர்ஸிங்குக்குப் பட்டம் தர ஆரம்பித்த முதல் வருஷமே அதுதான். ஐடா அம்மையார் 1960-ல் கொடைக்கானலில் காலமானார். அவர் பிறந்த ராணிப்பேட்டைப் பக்கத்திலும் 2022-ல் இந்த ஆஸ்பத்திரியின் புதிய வளாகம் வந்திருக்கிறது.

திண்டிவனத்து மூன்று பெண்களும் வைத்தியம் இல்லாமல் சாகவில்லை. வைத்தியம் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. வெட்கமும் மானமும் குறுக்கே நின்றன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அத்தையின் படுக்கையிலும் அதேதான் நடந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரியாமலே.

கோட்டைக்குப் போன சாயங்காலம்

நாலாவது நாள் ராத்திரி அத்தை பிதற்ற ஆரம்பித்தார். மாமா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. "அவர் வந்து வாசல்ல நிக்கிறாரு, கதவைத் திற" என்றார். என்னையே யாரென்று கேட்டார். விடிந்ததும் கொஞ்சம் தெளிந்தார். வயசாகிவிட்டது, புது இடம், ஆபரேஷன் பயம் என்று நாங்களாகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

மறுநாள் சாயங்காலம் என் முகத்தைப் பார்த்த குட்டி சிஸ்டர், "அக்கா, நீங்க வெளியில போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்க. நான் பாட்டிகிட்ட இருக்கேன்" என்றாள். எனக்கும் அது தேவையாக இருந்தது. கோட்டைக்கு நடந்தே போனேன்.

வேலூர்க் கோட்டையை அவசியம் ஒரு தடவை பாருங்கள். ஊர் நடுவே, பெரிய பெரிய கருங்கல்லாக அடுக்கி, சுற்றிலும் அகழியோடு கம்பீரமாக நிற்கிறது. விஜயநகரத்தார் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில் எழுந்தது. 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியும் முன்னே இந்தியச் சிப்பாய்கள் வெள்ளைக்காரரை எதிர்த்துக் கிளம்பியது இங்கேதான். உள்ளே கோயில், மசூதி, மாதா கோயில் மூன்றும் உண்டு. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளியும் குதிரையும் பாயும் அழகை வாயால் சொல்லி முடியாது. அத்தனை அழகையும் கட்டி வைத்து, உள்ளே சாமி இல்லாமல் எத்தனை தலைமுறை விளக்கில்லாமல் இருந்ததோ! அகிலாண்டேஸ்வரி சந்நிதியில் நின்று, "அத்தைக்குப் புத்தி தெளியணும் தாயே" என்று வேண்டிக்கொண்டேன். அகழிக் கரையில் அரை மணி உட்கார்ந்தேன். பிள்ளைகள் நினைவு வந்தது. திரும்பினேன்.

வார்டில் அத்தையின் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துப் போயிற்று. ஓடினேன். உள்ளே குட்டி சிஸ்டர், அவளுடைய டீச்சர், ஒரு டாக்டர். அத்தை கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

என்னை வெளியே அழைத்துப் போய் டீச்சர் கேட்டார்: "பாட்டி தினம் எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்கன்னு நீங்க பார்த்தீங்களா?"

"ஆமாம். ஏழெட்டு டம்ளர். நான்தானே ஊத்தி வெச்சேன்."

"வெச்சீங்க. குடிச்சதைப் பார்த்தீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அட்டையில் எழுத அவர்கள் கேட்டபோதெல்லாம், காலி டம்ளரைப் பார்த்து "குடிச்சுட்டாங்க" என்று சொன்னது நான்தான்.

நடந்தது இதுதான். சாயங்காலம் வாய் துடைத்துவிடும்போது அத்தையின் நாக்கு வறண்டு, உதடு வெடித்திருப்பதைக் குட்டி சிஸ்டர் கவனித்திருக்கிறாள். அட்டையைப் பார்த்தால் எட்டு டம்ளர் தண்ணீர். போன சிறுநீரோ ரொம்பக் கொஞ்சம், அதுவும் கறுத்த மஞ்சள். கணக்கு உதைத்தது. டீச்சரிடம் சொல்வதற்கு முன், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். முதலில் மழுப்பினாராம். பிறகு அழுதுகொண்டே சொன்னாராம். வைத்த தண்ணீரையெல்லாம், நான் குளிக்கவும் டிபன் வாங்கவும் போகும் நேரத்தில், கட்டிலடியில் இருந்த பேசினில் ஊற்றிவிட்டிருக்கிறார்.

ஏன்? தண்ணீர் குடித்தால் பெட்பான் வைக்க வேண்டும். பெட்பானை எடுப்பது யார்? நான்.

"முதல் நாளு எம்மருமக அதை எடுக்கும்போது மூஞ்சியைச் சுளிச்சா கண்ணு. அவளைச் சொல்லித் தப்பில்லை, நல்ல பொண்ணு. இருந்தாலும் மருமக கையில அதைத் தூக்கக் கொடுத்துட்டு நான் எப்படி மறுபடி அவ கையால சோறு வாங்கித் தின்னுவேன்?"

சகோதரிகளே, நான் முகம் சுளித்தது எனக்கே நினைவில்லை. ஒரு கணம் இருந்திருக்கும். அந்த ஒரு கணத்தைப் பார்த்துவிட்டு, ஐந்து நாளாக அவர் தொண்டையை நனைக்கிற அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்கவில்லை! ராத்திரிப் பிதற்றலுக்கும் அதுதான் பெரிய காரணம் என்றார் டாக்டர். உடம்பில் தண்ணீர் வற்றினாலும், சிறுநீரில் கிருமி சேர்ந்தாலும், வயசானவர்களுக்கு முதலில் புத்திதான் தடுமாறுமாம். அந்த நிலையில் ஆபரேஷன் மேஜைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே குலை நடுங்குகிறது.

எட்டு ஹேர்பின்

அன்று ராத்திரி நான் அத்தையின் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தலையைத் தடவி, "போடி, பைத்தியக்காரி" என்றார். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் குட்டி சிஸ்டர் ஓர் ஏற்பாடு செய்தாள். தன் தலையிலிருந்து எட்டு ஹேர்பின்களை எடுத்து மேஜையில் இடது பக்கம் வைத்தாள். ஒரு டம்ளர் குடித்தால் ஒரு பின் வலது பக்கம் போக வேண்டும். பின்னை நகர்த்துகிற வேலை அத்தையுடையது. "குடிக்காமல் பின்னை நகர்த்தினா சாமி கண்ணைக் குத்தும் பாட்டி" என்று வேறு சொல்லி வைத்தாள்.

பெட்பானுக்கு நேரம் குறித்தாள். கேட்கிற வெட்கம் இல்லாமல், அந்த நேரத்துக்கு அவளே வந்து திரையை இடுக்கு விடாமல் இழுத்து மூடுவாள். பானை வெந்நீரில் அலசித் துடைத்துச் சூடாக்கித்தான் வைப்பாள். சில்லென்ற எனாமல் உடம்பில் பட்டால் வருவதும் நின்றுவிடுமாம். அவள் வார்டில் இல்லாத நேரத்துக்கு எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எப்படி எடுப்பது என்பதைவிட, எடுக்கும்போது என்ன பேசுவது என்றுதான் கற்றுக் கொடுத்தாள். "ஊர் விஷயம் ஏதாவது பேசிட்டே செய்யுங்க அக்கா. பாட்டி முகத்தைப் பார்த்துப் பேசுங்க" என்றாள்.

ஆபரேஷன் தள்ளிப் போனாலும் நல்லபடியாக நடந்தது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து நான் கற்றுக்கொண்டவை கொஞ்ச நஞ்சமல்ல. நோயாளியைத் தூக்காமலே பாதி பாதியாகச் சுருட்டிப் படுக்கை விரிப்பை மாற்றுவது, இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்து ஒருக்களிக்கச் செய்வது, இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுவது, கெண்டைக்காலின் கீழ் தலையணை கொடுத்துக் குதிகால் படுக்கையில் அழுந்தாமல் வைப்பது, ரப்பர் ஷீட்டை வாய்க்கால் போல் மடித்துப் படுத்தபடியே தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று எல்லாமே அவள் சொல்லிக் கொடுத்ததுதான். அந்த நாளில் முதுகுக்கு ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்ப்பார்கள். சிவந்து போன இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது, அங்கே பாரம் படாமல் பார்த்துக்கொண்டாலே போதும் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் டீச்சர் படுக்கையருகே நின்று இங்கிலீஷில் கேள்வி மேல் கேள்வி கேட்க, குட்டி சிஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திக்கித் திக்கிப் பதில் சொன்னாள். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அதை ஏம்மா அதட்டறே? நல்லாத்தான் பார்த்துக்குது பொண்ணு. நான் மார்க்கு போட்டா நூத்துக்கு நூறு" என்றார். டீச்சரே சிரித்துவிட்டார்.

இன்னொரு நாள் ஒரு நோட்டோடு வந்து, "பாட்டி, உங்களைப் பத்தி எழுதணும். எழுதலாமா?" என்று அனுமதி கேட்டாள். எங்கே பிறந்தீர்கள், எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை தங்கிற்று, என்ன சாப்பிடப் பிடிக்கும், எதற்குப் பயம் என்று வரிசையாகக் கேட்டாள். இரண்டு குழந்தைகள் தவறிப்போன கதையை, கல்யாணமாகி வந்து பதினெட்டு வருஷத்தில் நானே அன்றுதான் முழுக்கக் கேட்டேன். அவள் போன பிறகு அத்தை சொன்னார்: "இந்த வயசுல என்னை யாரு இதெல்லாம் கேட்டா? நீங்க கேட்டீங்களா?"

வார்டுகளில் கேட்ட அபிப்பிராயம்

அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் உறவுக்காரர்களுக்குத் துணையாகப் பல ஊர் ஆஸ்பத்திரி வார்டுகளில் உட்கார்ந்திருக்கிறேன். மாணவிகள் பார்த்துக்கொள்வது பிடித்திருக்கிறதா என்று பக்கத்துப் படுக்கைக்காரர்களை வேண்டுமென்றே கேட்பேன். எல்லோருமே ஆகா என்று சொல்லிவிடவில்லை. குறைகளும் உண்டு. ஒருத்தி பிரஷர் பார்த்துவிட்டுப் போனால், சரிதானா என்று பார்க்க இன்னொருத்தி வருகிறாள். கேட்டதையே கேட்கிறார்கள். உடம்பு துடைக்க அரை மணி ஆகிறது. பழகி மனசு ஒட்டியதும் வேறு வார்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். கூட ஆள் நின்று சொல்லிக் கொடுக்காத இடங்களில், எனக்கு நடந்ததுபோல் ஊசிக் கஷ்டமும் உண்டு. இவையெல்லாம் நியாயமான குறைகள்தான்.

பிடித்தது என்ன என்று கேட்டால் மட்டும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். 'அவ நின்னு கேட்பா.' பெரிய நர்ஸுகளுக்கு மனசில்லாமல் இல்லை. முப்பது நோயாளிக்கு இரண்டு கை என்றால் எங்கே நிற்பது? மாணவிக்கு இரண்டு மூன்று நோயாளிகள். அவளுக்கு அனுபவம் குறைவு, நேரம் அதிகம். நோயாளி டாக்டரிடமும் சொல்லாத, பெற்ற பிள்ளையிடமும் சொல்லாத விஷயம், அந்த நேரத்தில்தான் வெளியே வருகிறது.

நீங்கள் துணைக்கு இருக்க நேர்ந்தால்...

உங்கள் வீட்டு நோயாளிக்கு மாணவி வந்தால், முதலில் அவள் பெயரையும் எத்தனையாவது வருஷம் என்பதையும், அவளுக்கு மேலே பொறுப்பு யார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது தவறில்லை.

ஊசி, சலைன், புண் கட்டுதல் போன்றவற்றுக்கு, 'டீச்சர் கூட இருக்கட்டுமே' என்று தன்மையாகச் சொல்லலாம். வேண்டாம் என்று மறுக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. ஆனால் என்னைப்போல் முகத்தைப் பார்க்கும் முன்னே மறுத்துவிடாதீர்கள்.

என்ன குடித்தார், என்ன சாப்பிட்டார், என்ன போயிற்று என்று கேட்டால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பார்க்காததைப் 'பார்க்கலை' என்று சொல்லுங்கள். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாம் என்பதை டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வயசானவர் திடீரென்று பிதற்றினால், 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் உடனே சொல்லுங்கள்.

குறை இருந்தால் படுக்கையருகே வைத்து அந்தப் பெண்ணைத் திட்டாமல், வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். நன்றாகச் செய்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். குறை சொல்ல நாம் எல்லோரும் போகிறோம். இதற்குத்தான் யாரும் போவதில்லை. காசோ புடவையோ கொடுக்க முயலாதீர்கள், அவர்கள் வாங்கக் கூடாது.

மூன்று வாரம் கழித்து நாங்கள் ஊர் திரும்பினோம். அதற்குள் குட்டி சிஸ்டருக்கு வேறு வார்டு மாறிவிட்டது. கிளம்புகிற அன்று சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தாள். அத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்த பத்து ரூபாயை நீட்ட, அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சரி, இதையாவது வாங்கிக்கோ. உன்னோடதுதான்" என்று எட்டு ஹேர்பின்களையும் எண்ணிக் கொடுத்தார் அத்தை. அவள் ஏழை எடுத்துக்கொண்டு ஒன்றை அத்தையின் கொண்டையிலேயே செருகிவிட்டுப் போனாள்.

அத்தை அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், கையில் தடியோடு, எங்கள் வீட்டில் நடமாடினார். கடைசி இரண்டு மாதம் படுக்கையில்தான். அப்போது பெட்பானை எடுத்தது நான்தான். தண்ணீரை அவர் கீழே ஊற்றவில்லை. எடுக்கும்போது நான் ஊர் விஷயம் பேசிக்கொண்டே இருப்பேன்.